திரும்பிச் செல்ல ஒரு வீடு

எங்கள் வாசிப்பு வட்டத்தின் ஆண்டுச் சந்திப்பைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் மலைமேல் நடத்துவது என்று முடிவெடுத்தோம். விடுதி அறைகள் வேண்டாம். ஓடைக்கரையில் கூடாரம் அடித்து இரண்டு இரவுகள் தங்குவது, பகலில் நூல்களைப் பற்றிப் பேசுவது, இரவில் நெருப்பு மூட்டிச் சுற்றி அமர்ந்து கவிதை வாசிப்பது என்பது திட்டம். அழைப்பு மின்னஞ்சல் சென்ற அன்றே வட்டம் இரண்டாகப் பிளந்தது. ஒரு சாரார் அன்று மாலையே டார்ச் விளக்குக்கும் போர்வைக்கும் பட்டியல் போடத் தொடங்கினர். மற்றொரு சாரார் அட்டை கடிக்குமே, மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது, கழிப்பறைக்கு எங்கே போவது என்று கேட்டனர். கேட்டவர்களை நாங்கள் எள்ளி நகையாடினோம். காட்டைப் பற்றிய கவிதை என்றால் கண்கள் பனிக்கப் படிப்பவர்கள் காட்டில் ஓரிரவு தூங்க அஞ்சுகிறார்களே என்று ஒரு நண்பர் எழுதினார். அதை நாங்கள் வெகுவாக ரசித்தோம்.

அந்த விவாதத்தின் நடுவே, ஈழத்திலிருந்து வந்து எங்களோடு பல ஆண்டுகளாக வாசித்துவரும் மூத்த நண்பர் ஒருவர் ஒற்றை மடலில் பதில் சொன்னார். “கூடாரத்தில இருந்தது எனக்குக் காணும். நீங்கள் போயிட்டு வாங்கோ, வந்து சொல்லுங்கோ.” ஈழத்து வழக்கில் ‘காணும்’ என்றால் ‘போதும்’ என்று பொருள். அந்த மடலுக்குப் பிறகு ஒருவரும் வேடிக்கையாக எதையும் எழுதவில்லை. திட்டமும் கைவிடப்பட்டது.

ஒரே துணி, அதே நான்கு முளைகள், அதே கயிறு. அதன்கீழ் ஓரிரவு கழிப்பதைச் சிலர் வாழ்வின் பேரின்பமாகவும் சிலர் கொடுங்கனவாகவும் கருதுவது ஏன்? உடல் வலுவும் மனத்துணிவும்தான் காரணம் என்று அதுவரை நாங்கள் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் தந்த வெட்கத்திலிருந்து தொடங்கிய வாசிப்பே இக்கட்டுரை.

*

முதலில் சொற்களைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ‘கேம்ப்’ என்ற ஒரே சொல் உல்லாசப் பயணியின் கூடாரத்தையும், போர்வீரனின் தங்குமிடத்தையும், அகதியின் குடிலையும், கைதியின் அடைப்பிடத்தையும் குறித்துவிடுகிறது. தமிழ் இவற்றைத் தனித்தனியே வைத்திருக்கிறது. நம்முடைய பழைய சொல் பாசறை. முல்லைப்பாட்டில் காட்டை வெட்டித் திருத்தி, முள்வேலி வளைத்து அமைக்கப்பட்ட பாசறை விரிவாகச் சித்திரிக்கப்படுகிறது. ஆயினும் அதன் நடுவே இருக்கும் அரசன் உறக்கமின்றி, புண்பட்ட யானைகளையும் வீழ்ந்த வீரர்களையும் எண்ணிக்கொண்டிருக்கிறான். வீட்டில் அவன் மனைவி காத்திருக்கிறாள். நெடுநல்வாடையிலும் வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் அரசன் புண்பட்டோரைப் பார்த்துவரப் புறப்படுகிறான். இவ்விரு பாட்டுகளிலும் பாசறை என்பது வீட்டிலிருந்து பிரிந்த இடம். அங்கே இருப்பது கடமை; இன்பம் வீட்டில் இருக்கிறது.

பின்னால் வந்த ‘முகாம்’ அரபு மூலத்தைக் கொண்டது. தங்குமிடம் என்பதே அதன் பொருள். இன்று அச்சொல்லைக் கேட்டதும் கண் சிகிச்சை முகாமோ அகதி முகாமோ நம் நினைவுக்கு வருகிறது. அரசு ஊழியர் வீடுகளில் ‘அப்பா கேம்ப் போயிருக்கிறார்’ என்றால் அலுவல் சுற்றுப்பயணம் என்று பொருள். வெள்ளைக்கார கலெக்டர்கள் கூடாரங்களை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று வரிக்கணக்குப் பார்த்த காலத்தின் எச்சம் அது. அழையாமல் வந்து எழுந்துபோக மறுக்கும் விருந்தாளியை ‘டேரா போட்டுவிட்டான்’ என்கிறோம். டேரா என்பதும் கூடாரமே. போர், நோய், அகதி வாழ்வு, அலுவல், தொல்லை என எல்லாவற்றுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. மகிழ்ச்சிக்காகக் கூடாரம் அடிப்பதற்கு மட்டும் புழக்கத்தில் ஒரு சொல் இல்லை; ‘கேம்ப்பிங்’ என்று அப்படியே சொல்லிவிடுகிறோம். ஏனெனில் அந்தப் பழக்கமே புதியது. தமிழுக்கு மட்டுமன்று, அதைத் தோற்றுவித்த நாடுகளுக்கும் அது புதியதாகவே இருந்தது.

*

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பார்க் தெரு தேவாலயத்தின் போதகராக இருந்தவர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் மர்ரே. நியூயார்க் மாநிலத்தின் வடக்கிலுள்ள அடிரோண்டாக் மலைக்காடுகளில் வேட்டையாடியும் மீன்பிடித்தும் கழித்த தம் விடுமுறை நாட்களைப் பற்றி அவர் 1869-இல் ஒரு நூல் எழுதினார். நகரத்தின் புகையிலும் இரைச்சலிலும் சோர்ந்துபோனவர்களுக்குக் காடு மருந்தாகும் என்பது அதன் சாரம். காசநோயால் சாகும் நிலையில் காட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்ட இளைஞன் ஒருவன் உடல்தேறித் திரும்பிய கதையும் அதில் உண்டு. கொசுவும் கருப்பு ஈயும் பெரிய தொல்லையல்ல என்றும் போதகர் உறுதி கூறியிருந்தார்.

அந்தக் கோடையில் நகரத்தவர் கூட்டம் கூட்டமாக அடிரோண்டாக்கை நோக்கிப் படையெடுத்தனர். அவ்வாண்டு மழையும் குளிரும் மிகுந்திருந்தன. தங்குமிடங்கள் போதவில்லை. வழிகாட்டிகள் கிடைக்கவில்லை. ஈக்கள் போதகரின் நூலைப் படித்திருக்கவில்லை. கதையை நம்பி வந்த காசநோயாளிகளில் சிலர் திரும்பவேயில்லை. ஏமாந்து திரும்பியவர்களுக்குச் செய்தித்தாள்கள் ‘மர்ரேயின் முட்டாள்கள்’ என்று பெயர் சூட்டின. கூடாரத்தை நேசிப்பவர், வெறுப்பவர் என்ற இரு கட்சிகளும் ஒரே கோடையில் ஒரே நூலிலிருந்து பிறந்தன எனலாம்.

இந்தக் கதையில் பெரும்பாலும் பேசப்படாத மூன்றாம் தரப்பு ஒன்று உண்டு. அவர்கள் அம்மலைகளிலேயே வாழ்ந்த வழிகாட்டிகள். நகரத்தவரின் படகைத் தோளில் சுமந்து ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குக் கடப்பதும், இரவுக்குக் கொட்டகை அமைப்பதும், விறகு வெட்டுவதும், மீன் பொரித்துப் பரிமாறுவதும் அவர்கள் வேலை. காடு மருந்தா என்ற கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு அது கூலி.

அட்லாண்டிக் கடலின் மறுகரையில் இப்பழக்கத்துக்கு உருவம் தந்தவர் ஒரு தையற்கலைஞர். தாமஸ் ஹிராம் ஹோல்டிங் 1844-இல் பிறந்தவர். 1853-இல், ஒன்பது வயதுச் சிறுவனாக, பெற்றோருடன் அமெரிக்கப் புல்வெளிகளை வண்டித்தொடரில் கடந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஏறத்தாழ முந்நூறு பேருடன் வாரக்கணக்கில் கூடாரத்தில் தங்கினார். புது நாடு தேடிச் சென்றவர்களின் கூடாரம் அது. பொழுதுபோக்குக்கு அங்கே இடமில்லை. பின்னர் இங்கிலாந்துக்குத் திரும்பி லண்டனில் தையல் தொழிலில் நிலைபெற்ற அவர், அந்தச் சிறுவயது இரவுகளை மறக்கவில்லை. படகிலும் சைக்கிளிலும் எடுத்துச்செல்லத்தக்க எடை குறைந்த கூடாரங்களைத் தாமே தைத்தார். 1901-இல் சைக்கிள் பயணிகளுக்கான கூடாரச் சங்கத்தை நிறுவினார். 1908-இல் கூடாரவாசிகளுக்கான அவருடைய கையேடு வெளிவந்தது.

அவர் சைக்கிளில் கூடாரத்துடன் சென்ற பயணத்தைப் பற்றிய முந்தைய நூல் 1898-இல் வந்தது. அப்பயணம் அயர்லாந்தின் மேற்கிலுள்ள கனெமரா பகுதியில் நிகழ்ந்தது. அரை நூற்றாண்டுக்கு முன்னர், 1840-களின் பெரும்பஞ்சத்தில், வாடகை கட்ட இயலாத குடியானவர்கள் அந்த மேற்கு அயர்லாந்தில்தான் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். கூரை பிரிக்கப்பட்ட வீடுகளின் சுவரோரத்திலும் பள்ளங்களிலும் புல்லையும் கம்பையும் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். ஹோல்டிங்கைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரே நிலத்தில், ஒரே ஈரக்காற்றில், ஐம்பது ஆண்டு இடைவெளியில், வானத்தின்கீழ் படுத்தல் என்னும் செயல் முற்றிலும் வேறு பொருள் கொண்டுவிட்டது. நடுவில் மாறியது வானம் அன்று. இரண்டாவதாக வந்தவர்களுக்கு லண்டனில் பூட்டிவிட்டு வந்த வீடு இருந்தது.

*

இந்த வேறுபாட்டை மிகத் துலக்கமாகக் காட்டுவது தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போர். பிரிட்டிஷ் இராணுவத்தின் கூடாரம் மணி வடிவானது. நடுவில் ஒற்றைக் கம்பம். அதைச் சுற்றி வட்டமாகச் சரியும் கித்தான் துணி. அந்தப் போரில் புகழ்பெற்ற தளபதி பேடன் பவல், மஃபெக்கிங் நகரை 217 நாட்கள் முற்றுகைக்கு எதிராகக் காத்தவர். போர் முடிந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1907 ஆகஸ்டில், இங்கிலாந்தின் தெற்குக் கரையோரம் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கூட்டிச் சென்று இராணுவக் கூடாரங்களில் தங்கவைத்தார். உயர்குடிப் பள்ளி மாணவர்களும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து அவர் கொண்டுவந்திருந்த குடு மானின் கொம்பை ஊதி அதிகாலையில் அவர்களை எழுப்பினார். சாரணர் இயக்கம் அந்த ஒரு வாரத்தில்தான் முளைவிட்டது. நம்மில் பலர் பள்ளி நாட்களில் காக்கிச் சட்டையும் கழுத்துத் துணியுமாகக் கூடாரத்தில் கழித்த முதல் இரவுக்கும் அதுவே மூலம்.

அதே போரில் அதே வகைக் கூடாரங்களில் வாழ்ந்த வேறு சிறுவர்களும் இருந்தனர். போயர் கெரில்லாக்களுக்கு உணவும் ஒதுங்கிடமும் கிடைக்காமல் செய்வதற்காகப் பிரிட்டிஷ் படை பண்ணை வீடுகளை எரித்தது. வீடிழந்த பெண்களும் குழந்தைகளும் முகாம்களில் அடைக்கப்பட்டனர். எமிலி ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1901 ஜனவரியில் புளும்ஃபான்டெய்ன் முகாமுக்குச் சென்றார். ஒரே கூடாரத்தில் நெருக்கியடித்துக் கிடந்த குடும்பங்கள், ஒற்றைத் துணியைத் துளைத்து இறங்கும் வெயில், போதாத தண்ணீர், சோப்பு இல்லாமை ஆகியவற்றை அவர் பதிவுசெய்து, அவ்வாண்டு ஜூன் மாதம் லண்டனில் அறிக்கையாக வெளியிட்டார். அம்மையும் குடற்காய்ச்சலும் முகாம்களைச் சூறையாடின. போர் முடிவதற்குள் அம்முகாம்களில் ஏறத்தாழ 28,000 போயர்கள் இறந்தனர். அவர்களில் 22,000-க்கும் மேற்பட்டோர் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள். தனி முகாம்களில் அடைக்கப்பட்ட கறுப்பின மக்களில் இறந்தவர்கள் என்று பதிவானவர்கள் மட்டும் 14,000-க்கு மேல். அந்தப் பதிவுகள் முழுமையானவை அல்ல. பேடன் பவல் காத்து நின்ற மஃபெக்கிங்கிலும் அப்படியொரு முகாம் இருந்தது. அவற்றை அமைத்தவர் அவரல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிறைப்பட்ட போயர் வீரர்கள் கப்பலேற்றிக் கடல்கடத்தப்பட்டனர். இலங்கையில் தியத்தலாவையிலும், தமிழகத்தில் திருச்சிராப்பள்ளியிலும் நீலகிரியின் கேத்தியிலும் அவர்களுக்கான முகாம்கள் இருந்தன. இன்று கேத்திப் பள்ளத்தாக்கின் அழகைப் பார்க்கச் செல்லும் பயணிகளில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

பிரவுன்சீ தீவின் சிறுவனையும் புளும்ஃபான்டெய்ன் முகாமின் சிறுவனையும் அருகருகே நிறுத்திப் பார்க்கலாம். இருவருக்கும் மேலே இருந்தது கித்தான் துணி. இருவருக்கும் கீழே மண். முன்னவனுக்கு எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ வீடு திரும்புவோம் என்பது தெரியும். பின்னவனுக்கு எப்போது என்று தெரியாது. எங்கே என்றும் தெரியாது, ஏனெனில் வீடு எரிந்துவிட்டது. முன்னவனுடைய கூடாரத்துக்கு முடிவு நாள் உண்டு. அந்த முடிவு நாள்தான் அதை விளையாட்டாக்கியது.

*

இவ்வளவு எளிதாக இதை முடித்துவிடலாமா என்ற ஐயம் எங்களுக்கும் எழுந்தது. ஏனெனில், தாமே விரும்பிச் சென்று, மீள முடியாமல் மடிந்தவர்களும் கூடார வரலாற்றில் உண்டு.

1909-இல் இங்கிலாந்தின் தேசியக் கூடாரச் சங்கத்துக்கு முதல் தலைவராக அமைந்தவர் துருவப் பயணி இராபர்ட் ஸ்காட். அடுத்த ஆண்டே அவர் தென்துருவத்தை நோக்கிப் புறப்பட்டார். 1911 ஜூலையில், துருவ இரவின் முழு இருளில், அவருடைய குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி கெரார்ட் ஆகிய மூவரும் பேரரசப் பென்குவினின் முட்டைகளைத் தேடிக் குரோசியர் முனைக்குச் சென்றனர். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 60 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. ஒரு புயல் அவர்களுடைய கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. கூடாரம் இல்லாமல் தளத்துக்குத் திரும்ப வழியே இல்லை. சாவை எதிர்பார்த்து உறைபைகளுக்குள் கிடந்த அவர்கள், புயல் தணிந்ததும் தேடிச் சென்று, சரிவின் கீழே கூடாரம் கிழியாமல் கிடப்பதைக் கண்டனர். பறிபோன உயிர் திரும்பக் கிடைத்தது போன்ற அந்தக் கணத்தை, 1922-இல் வெளியான தம் நூலில் செர்ரி கெரார்ட் எழுதியிருக்கிறார். கூடாரம் எவ்வளவு அருமையானது என்பதை அவர்களைவிட அறிந்தவர் இருக்க முடியாது.

வில்சனும் பவர்ஸும் மறு ஆண்டு ஸ்காட்டுடன் துருவத்திலிருந்து திரும்பும் வழியில், உணவுக் கிடங்குக்கு 11 மைல் தொலைவில், பனிப்புயலில் சிக்கி, 1912 மார்ச் இறுதியில் கூடாரத்துக்குள்ளேயே இறந்தனர். நவம்பரில் அவர்களைக் கண்டுபிடித்த தோழர்கள் உடல்களை வெளியே எடுக்கவில்லை. கூடாரத்தின் மூங்கில் கம்பங்களை மட்டும் உருவினார்கள். துணி அப்படியே மூவர்மேலும் படிந்தது. அதன்மேல் பனிக்கட்டிகளை அடுக்கி ஒரு மேடை எழுப்பினார்கள்.

கூடாரச் சங்கத்தின் தலைவருக்குக் கூடாரமே கல்லறைத் துணி ஆயிற்று. ஆயினும் அம்மரணத்துக்குப் பின் கூடாரப் பழக்கம் குன்றவில்லை. ஸ்காட்டின் கதையைப் படித்துப் படித்தே ஒரு தலைமுறை இங்கிலாந்துச் சிறுவர்கள் கூடாரத்தை நேசித்தார்கள். தானே தேர்ந்துகொண்ட துன்பத்துக்கு, அது எவ்வளவு கொடிதாயினும், ஒரு பெருமிதம் ஒட்டிக்கொள்கிறது. திணிக்கப்பட்ட துன்பத்துக்கு அந்தப் பெருமிதம் கிடைப்பதில்லை. ஸ்காட்டின் கடைசிக் கூடாரத்தை உலகம் காவியமாக்கியது. புளும்ஃபான்டெய்ன் கூடாரங்களுக்கோ, இறந்தோர் எண்ணிக்கை மட்டுமே எஞ்சியது.

*

மீண்டும் அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே மோட்டார் கார் வந்ததும் கூடாரம் நடுத்தர வர்க்கத்தின் கைக்கு வந்தது. அந்த மோகத்துக்கு விளம்பரம் தேடித் தந்தவர்கள் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், டயர் முதலாளி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் ஆகிய நால்வர். தங்களை ‘நாடோடிகள்’ என்று அழைத்துக்கொண்டு 1910-களின் நடுப்பகுதியிலிருந்து 1924 வரை கோடைதோறும் கார்களில் புறப்பட்டார்கள். சமையல்காரர்களும் பனிக்கட்டிப் பெட்டி பொருத்திய சமையல் வண்டியும் உடன் சென்றன. கூடாரங்களுக்கு எடிசனின் மின்விளக்குகள். 1921-இல் மேரிலாந்து மாநிலத்தில் அவர்களுடன் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹார்டிங்கும் வந்து தங்கினார். புகைப்படக்காரர்களும் வந்தார்கள்.

பதினோராண்டுகள் கழித்து, 1932-இல், பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த முதல் உலகப்போர் வீரர்கள் ஆயிரக்கணக்கில் தலைநகர் வாஷிங்டனுக்கு வந்தனர். 1945-இல்தான் தருவதாகச் சொல்லப்பட்ட ஊக்கத்தொகையை உடனே தரவேண்டும் என்று கேட்டு, அனகோஸ்டியா ஆற்றங்கரையில் கூடாரங்களும் தகரக் குடிசைகளும் அமைத்துக் குடும்பங்களோடு தங்கினர். ஜூலை 28 அன்று தளபதி மெக்ஆர்தர் தலைமையில் இராணுவம் அவர்களைக் கண்ணீர்ப்புகையால் விரட்டியது. குடியிருப்பு எரிந்து சாம்பலாயிற்று. செல்வந்தர் நால்வர் தம்மை நாடோடி என்று சொல்லிக்கொண்டபோது நாடு புன்னகைத்தது. நாடோடியாகவே ஆகிவிட்டவர்களை அது பொறுத்துக்கொள்ளவில்லை.

கூடாரம் அடிக்க வசதியும் விருப்பமும் இருந்தும் அச்சத்தோடு ஒதுங்கியவர்களும் அந்நாட்டில் உண்டு. வர்ஜீனியாவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் கறுப்பினத்தவருக்கென்று லூயிஸ் மவுண்டன் என்ற தனி முகாமிடம் 1939-இல் திறக்கப்பட்டது. மற்ற இடங்கள் வெள்ளையருக்கு. பூங்காவில் இப்பிரிவினை 1950 வாக்கில்தான் முற்றிலும் நீங்கியது. மரக்கிளைகளில் தம் இனத்தவர் தூக்கிலிடப்பட்ட நினைவைச் சுமக்கும் ஒரு சமூகத்தினரிடம், காட்டின் இரவு அமைதியானது என்று சொல்வதற்கு முன் சற்றுத் தயங்கத்தான் வேண்டும். ஒரு மனிதன் காட்டைக் கண்டு அஞ்சும்போது அவன் அஞ்சுவது விலங்குகளையே என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

*

எங்கள் நண்பரின் மடலுக்கு இப்போது திரும்பலாம். 2009-இல் இலங்கையில் போர் முடிவுற்றபோது வன்னியிலிருந்து வெளியேறிய மக்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முட்கம்பிக்குப் பின்னால் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இருந்த இடம் வவுனியா மாவட்டம் செட்டிகுளம் அருகே காடு வெட்டித் திருத்தப்பட்ட மெனிக் பாம். ஒரு வெள்ளைக் கூடாரத்தை ஒட்டி இன்னொரு வெள்ளைக் கூடாரமாக, கண்ணுக்கெட்டியவரை வரிசை சென்றது. கடைசிக் குடும்பங்கள் அங்கிருந்து வெளியேறியது 2012 செப்டம்பரில்.

அம்முகாமின் பகுதிகளுக்கு அரசு நலன்புரி நிலையங்கள் என்று பெயரிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய மனிதரின் பெயரையும் சூட்டியது. இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி. நடராசர் திருவுருவத்தின் பொருளை மேலைநாட்டுக்கு எடுத்துச் சொன்ன கலை அறிஞரின் பெயரில், கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் மனிதர்களின் கூடாரக் குடியிருப்பு ஒன்று அமைந்தது. எங்கள் நண்பர் அந்தப் பகுதியில்தான் பதினான்கு மாதங்கள் இருந்தார் என்பதை நாங்கள் அதன்பிறகே கேட்டு அறிந்தோம். குமாரசுவாமியின் கட்டுரைகள் பற்றி எங்கள் வட்டத்தில் இரண்டு அமர்வுகள் நடந்திருக்கின்றன. இரண்டிலும் அவர் பேசியிருக்கிறார். இதை ஒருபோதும் சொன்னதில்லை.

மழை பெய்தால் கூடாரத்துக்குள் நீர் வரும், பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை, பக்கத்துக் கூடாரத்தில் இருமினால் இங்கே தூக்கம் கலையும் என்று அவர் சொன்னவை யாவும், உல்லாசக் கூடாரத்திலும் நேர்பவைதான். மலையேறிவிட்டு வந்து இதே குறைகளைச் சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் எங்களிலும் உண்டு. “நீங்கள் விரும்பின நேரம் எழும்பிப் போகலாம்தானே” என்று அவர் கேட்டார். நூல் நூலாகப் படித்து நாங்கள் வந்துசேர்ந்த இடத்தில் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

*

ஆகவே எங்களுக்குத் தோன்றுவது இது. கூடாரத்தை நேசிப்பவர் உண்மையில் நேசிப்பது ஒரு விடுப்பை. வீட்டை, அதன் சுவர்களை, கடிகாரத்தைச் சில நாட்கள் துறந்திருப்பதில் ஓர் இன்பம் இருக்கிறது. அது பொய்யான இன்பம் என்று சொல்லவும் மாட்டோம். ஆனால் துறப்பதற்கு முதலில் ஒன்று இருக்க வேண்டும். அது தனக்காகக் காத்திருக்கிறது என்ற உறுதியும் வேண்டும். அவ்வுறுதி ஒருமுறை உடைந்தவருக்குக் கூடாரத்தின் துணி வேறு விதமாக அசைகிறது.

அஞ்சுவோர் அனைவருக்கும் இவ்வளவு பெரிய காரணம் இருக்க வேண்டும் என்பதில்லை. கூடாரத் திட்டத்தை மறுத்த தோழி ஒருவர் பிற்பாடு எங்களிடம் சொன்னார்: “நான் தினமும் வீட்டுல செய்யுற வேலையையே ஈர விறகை ஊதிச் செய்யச் சொல்றீங்க. உங்களுக்கு அது லீவு, எனக்கு ஓவர்டைம்.” நியாயம்தான். அடிரோண்டாக் வழிகாட்டிகளும் ஃபோர்டின் சமையல்காரர்களும் இதைக் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்கள். யாருடைய கூடாரம் விடுப்பு, யாருடையது வேலை, யாருடையது தண்டனை என்பதைத் துணியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தங்கியவரைக் கேட்டால்தான் தெரியும். அதற்கும் முன்னால், அவர் சொல்லும்வரை எள்ளி நகையாடாமல் இருக்க வேண்டும்.

மறு ஆண்டு சந்திப்பை மலையடிவாரத்தில் ஒரு பழைய ஓட்டுவீட்டை வாடகைக்கு எடுத்து நடத்தினோம். வீட்டுக்குப் பின்னால் பெரிய தோட்டம். விரும்பியவர்கள் அங்கே கூடாரம் அடித்துக்கொள்ளலாம், மற்றவர்கள் உள்ளே படுக்கலாம், யாரும் யாரிடமும் காரணம் கேட்கக்கூடாது என்று முன்கூட்டியே எழுதியிருந்தோம். நண்பரும் வந்தார். சமையலுக்கு ஆள் வைத்திருந்தபடியால் தோழியும் வந்தார். முதல் ஆளாகக் கூடாரத்துக்குள் புகுந்தவரும் அவர்தான்.

இரண்டாம் இரவு நல்ல மழை. கூடாரங்களுக்குள் தண்ணீர் புகுந்ததும் போர்வைகளைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, சிரிப்பும் கூச்சலுமாகத் தோட்டத்தைக் கடந்து ஓடினோம். கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. எங்களுக்கு முன்பே விழித்திருந்த நண்பர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் துண்டுகளோடு நின்றிருந்தார். “உள்ளுக்கு வாங்கோ” என்றார்.